வழிகாட்டும் மூத்தோர்

இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் மலரிலே கல்முனைக் கரையைப் பற்றி எழுதுவானேன் என வாசகர் வினவலாம். அக்கரை மாணவரின் உயர்வுக்குப் பெரிதும் உழைத்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்றவர் என்பதே நமது விடை.

1911 இல் வண்ணார்பண்ணையிற் பிறந்த அன்னார், 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆவார். போர்க்காலமாகிய 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. வயல்களைப் பார்க்க வந்தவரின் கண்ணில் வேறொரு தரிசும் பட்டது. நெல்லும் தென்னையும் மீனும் மலிந்த அக்கரையிலே உயர்கல்வி பெற்ற முஸ்லிம்கள் மிகச் சிலராகவே இருந்தனர். மண்ணிலே குறையில்லை; அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். வறுமையும், தொலைவும், வழி சொல்வார் இன்மையுமே தடைகளாயிருந்தன.

அஸீஸ் அவர்கள் கல்முனையிலே முஸ்லிம் கல்விச் சங்கமொன்றை அமைத்தார்; 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். இலவசக் கல்வியும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. எனினும், கட்டணம் நீங்கியதேயன்றி விடுதி, உணவு, நூல் ஆகியவற்றின் செலவு நீங்கவில்லை. நாட்டின் ஒரே பல்கலைக்கழகமோ அன்று கொழும்பில் இருந்தது. பணத்தோடு ஆளும் வேண்டும் என்பதை உணர்ந்தவர்போல, 1948 இல் சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகி 1961 வரை பணிபுரிந்தார்.

இன்று நிலை மாறியுள்ளது. 1981 இல் உருவான மஹாபொல நிதியம் வறிய மாணவருக்குக் கைகொடுக்கிறது. கல்முனைக்குத் தெற்கே ஒலுவிலில் 1995 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வறுமை ஓரளவு தணிந்தது, தொலைவும் குறைந்தது. மூன்றாவது தடை மட்டும் பல இல்லங்களில் அப்படியே நிற்கிறது.

குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு வீட்டார் அன்பும் உணவும் அளிப்பர். எப்பாடத்தைத் தெரிவது என்று அவர்களாற் கூறவியலாது. வழிகாட்டியின் பணி அங்கே தொடங்குகிறது. அது மூன்று படிகளைக் கொண்டது. அநுமதி விண்ணப்பத்தை நிரப்புமுன், ஒவ்வொரு துறையும் எத்தொழிலுக்கு இட்டுச் செல்லும் என விளக்குதல் முதற்படி. ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் திகைக்கும் முதலாண்டிலே அருகிருந்து தேற்றுதலும், நூலகத்தைப் பயன்படுத்தப் பழக்குதலும் இரண்டாம் படி. பட்டம் பெற்றபின் நேர்முகத் தேர்வுக்கும் தொழில்சார் பரீட்சைகளுக்கும் ஆயத்தஞ் செய்து, பணியின் முதலாண்டிலும் கைவிடாதிருத்தல் மூன்றாம் படி. இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. மாதத்தில் ஓரிரு மாலைப்பொழுதுகளும் பொறுமையுமே வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்கள் மண்டபம் கட்டுகின்றன, விருந்தும் நடத்துகின்றன. அவை வேண்டாவென யாம் கூறோம். ஆயினும், மருத்துவராய், பொறியியலாளராய், கணக்காளராய் விளங்கும் ஒவ்வொருவரும் ஒரு மாணவரைத் தம் பொறுப்பில் ஏற்பாராயின், அதனினும் சிறந்த விழாக் கொண்டாட்டம் பிறிதில்லை. அம்மாணவர் எச்சமயத்தவர், எவ்வூரினர் என்று வினவவேண்டியதில்லை. இந்துக் கல்லூரி அன்று வண்ணார்பண்ணை முஸ்லிம் சிறுவர் ஒருவருக்குக் கதவைத் திறந்தது. அதன் பயனைக் கல்முனை பெற்றது. நாமும் அவ்வாறே திறப்போமாக.