மான் இருக்கட்டும், புதரைக் காட்டுங்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் நடுவே, சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிறைந்த ஹில் கன்ட்ரி வட்டாரத்தில், நிலம் வைத்திருப்பவருக்கு வெள்ளைவால் மான் ஒரு வருமானம். வேட்டைக்காரர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வரும் பணத்தில்தான் பல பண்ணைகள் ஓடுகின்றன. மானுக்கும் அங்கே பஞ்சமில்லை. தொல்லையே அதுதான்.

வந்தவருக்குப் பண்ணைக்காரர் பெருமையாக மான் கூட்டத்தைக் காட்டுவார். விவரம் தெரிந்த வனவிலங்கு ஆய்வாளரோ குனிந்து செடியின் நுனியைப் பார்ப்பார். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. தழையைப் பிடித்து இழுத்துப் பிய்க்கும். முனை நார்நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சாய்வாகச் சீவினாற்போல் இருந்தால் அது முயலின் வேலை. ஓக் கன்றுகள் முழங்காலைத் தாண்டி வளரவில்லை, மரங்களின் அடிப்பக்கம் மான் எட்டும் உயரம்வரை நூல் பிடித்தாற்போல் மொட்டையாக இருக்கிறது என்றால் அந்த நிலம் தாங்க முடியாத பாரத்தைச் சுமக்கிறது. ஜூனிப்பர் மரத்தையே மான் கடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வேறு வழியே இல்லாதபோதுதான் மான் அதில் வாய் வைக்கும்.

இந்த நிலைக்கு மானை மட்டும் குறை சொல்ல முடியாது. மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றையும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கில்லாமல் மேய்த்தார்கள். காட்டுத்தீயை அணைத்துக்கொண்டே வந்ததால் ஜூனிப்பர் மண்டியது. பிறந்த குட்டிகளின் தொப்புளில் முட்டையிட்டுக் கொன்றுவந்த ஒருவகைப் புழு ஈயை, 1960களில் மலட்டு ஈக்களைப் பறக்கவிட்டு ஒழித்தார்கள். மாடுகளைக் காக்கச் செய்த காரியத்தால் மான்களும் பெருகிவிட்டன.

போதாக்குறைக்கு வெளியூர் மான்கள். நம் புள்ளிமானை 1932இல் டெக்சாஸில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அது அங்கே காட்டுவிலங்காகவே திரிகிறது. இத்தகைய வரவுகள் என்ன செய்யும் என்பதை, அரசின் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் சோதித்துப் பார்த்தார்கள். 1971இல் 96 ஏக்கர் வேலிக்குள் ஆறு வெள்ளைவால் மான்களையும், கிழக்காசியாவின் சிகா மான்கள் ஆறையும் விட்டார்கள். 1979இல் சிகா 62. வெள்ளைவால் மான் ஒன்றுகூட இல்லை. சண்டை போட்டு அல்ல. இலைதழை தீர்ந்ததும் சிகா புல்லுக்கு மாறிக்கொண்டது. வெள்ளைவால் மானின் வயிறு முற்றிய புல்லுக்கு ஏற்றதல்ல. புள்ளிமானும் சிகாவைப் போலப் புல் தின்று சமாளிக்கும்.

அதே இடத்தில் நடந்த தீவன ஆய்வில், 16 சதவீதப் புரதம் கிடைத்த ஆண் மான்களின் கொம்பும் எடையும், 8 சதவீதம் கிடைத்தவற்றைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. மக்காச்சோளத்தின் புரதம் 8 சதவீதத்தை ஒட்டியே வரும். ஆனாலும் டெக்சாஸ் முழுக்க இதற்கென்றே எந்திரம் வைத்துச் சோளத்தை வாரி இறைக்கிறார்கள். மானை வரவழைக்க அது உதவும், வளர்க்க உதவாது. கூட்டமாக ஒரே இடத்தில் வாய் வைப்பதால், மூளையைத் தின்னும் மான் நோய் பரவவும் வழி ஏற்படுகிறது. அந்த நோய் டெக்சாஸில் முதலில் 2012இல் தென்பட்டது.

பிறகு என்னதான் செய்வது? அங்குள்ள ஜூனிப்பரை அடியோடு அறுத்தால் மறுபடி துளிர்க்காது. எனவே ரம்பமும், காற்றும் ஈரமும் பார்த்து வைக்கும் தீயும் முதல் ஆயுதங்கள். வெயில் தரையில் பட்டதும் மான் விரும்பும் சிறு செடிகள் கிளம்பும். எல்லாவற்றையும் வெட்டிவிடவும் கூடாது: முதிர்ந்த ஜூனிப்பரின் பட்டையை உரித்துக் கூடு கட்டும் பொற்கன்னக் கதிர்க்குருவிக்கு வேறு இடம் கிடையாது. செங்குத்துச் சரிவுகளில் உள்ளவற்றை விட்டுவிடுகிறார்கள். மாடுகளை ஒரே மேய்ச்சலில் அடைத்துவைக்காமல் மாற்றி மாற்றி ஓட்டி, நிலத்துக்கு ஓய்வு தருகிறார்கள்.

இத்தனையும் செய்துவிட்டுப் பெண் மான்களைச் சுடத் தயங்கினால், துளிர்த்தது அத்தனையும் ஓரிரு பருவத்தில் காலி. வேட்டைக்காரர் பணம் கொடுப்பது கொம்புக்கு. பெண் மானுக்குக் கொம்பே கிடையாது. அதனால்தான் டெக்சாஸ் அரசு வேறொரு ஏற்பாடு வைத்திருக்கிறது. வாழ்விடத்தைச் சீர்செய்து, மான் கணக்கெடுத்துக் காட்டும் நில உரிமையாளருக்கு எத்தனை பெண் மான்களைச் சுடலாம் என்று ஆய்வாளர் பரிந்துரைக்கிறார். கூடவே, மற்றவர்களைவிட நீண்ட வேட்டைக் காலமும் அவருக்குக் கிடைக்கிறது.