ரப்பர் புழுவுக்கு 170 டிகிரி

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் தூண்டில் முள்ளில் கோத்து வீசும் ரப்பர் புழுவில் ரப்பர் கிடையாது. அது பி.வி.சி.; தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக். விறைப்பான அதை நெளிய வைத்தவர் வால்டோ செமன். ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் டயர் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியலாளர். ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தவர், 1926-இல் பி.வி.சி.யை எளிதில் ஆவியாகாத ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் கிடைத்தது. அதே ஊரில்தான் 1949-இல் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மண்புழுவாக வார்த்தார்கள். பிறகு அது டெக்சாஸில் ஒரு கம்பெனியாக வளர்ந்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் பலர் கார் ஷெட்டிலோ பின்கட்டிலோ தங்கள் புழுவைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள்.

மூலப்பொருளின் பெயர் பிளாஸ்டிசால். நுண்ணிய பி.வி.சி. துகள்கள் எண்ணெய் போன்ற ஒரு இளக்கியில் மிதக்கும் வெள்ளைக் குழம்பு அது. சூடு ஏறினால் குழம்பு இளகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே நடப்பது வேறு. துகள்கள் இளக்கியை உறிஞ்சி உப்புவதால் பாதிச் சூட்டில் குழம்பு கெட்டியாகிக் கட்டிதட்டும். புதிதாகச் செய்பவர் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடக்கூடிய கட்டம் இது. விடாமல் சூடேற்றினால் 160 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் துகள்கள் இளக்கியோடு ஒன்றாகக் கலந்து, வெள்ளை மறைந்து, கண்ணாடி போலத் தெளிந்து, மறுபடி ஊற்றும் பதத்துக்கு வரும். 165-லிருந்து 175 டிகிரிக்குள் வார்ப்பது வழக்கம். 190, 200 என்று ஏறினால் மஞ்சள் தட்டி, பழுப்பாகி, கருகும். சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்: முன்னாலும் ஆகாது, பின்னாலும் ஆகாது.

ஆனால் பாகைப் பதத்தில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. இங்கே வேலை தொடங்குவதே பதம் வந்த பிறகுதான். கையிலிருக்கும் கோப்பை அடுத்தடுத்துப் பல அச்சுகளை நிரப்பியாக வேண்டும். அதற்குள் விளிம்பில் ஆடை படரும், ஓரம் இறுகும். அந்தத் துணுக்கு ஒன்று அச்சுக்குள் போனால் போதும், புழுவின் மெல்லிய வால் நிரம்பாமல் மொட்டையாக நிற்கும். அச்சு அலுமினியமாக இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். பிளாஸ்டிக்கைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் உலோகம் அது; தொட்ட மாத்திரத்தில் சூட்டை உறிஞ்சிவிடும். குளிர்ந்த அச்சில் வார்க்கும் முதல் சில புழுக்கள் உருப்படுவது அபூர்வம். குழம்பை அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்டர் குழலையும் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அடுப்பிலேயே வைத்திருந்தால் என்ன? உருகிய பிளாஸ்டிக் தன் சூட்டைத் தனக்குள்ளேயே சரியாகப் பரப்பாது. மேலே ஆறிக்கொண்டிருக்கும்போதே அடி பிடித்துக் கருகும். கிண்டிக்கொண்டே இருப்பதுதான் வழி. வேகமாகக் கிண்டினால் காற்றுக் குமிழி சேரும். கிண்டாமல் விட்டால் குழம்பில் கலந்த மினுக்குத் தூளும் உப்பும் அடியில் தங்கும். நிறைய வார்ப்பவர்கள் தெர்மோஸ்டாட் உள்ள மின்சாரப் பாத்திரத்தின் அடியில் குழாய் பொருத்தி, மேலே சிறு மோட்டாரில் துடுப்பு ஓடவிடுகிறார்கள். பாத்திரம் சூடாக இருந்தாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஆறி அடைத்துக்கொள்வதுண்டு. அதற்கென்று சூடான காற்றை ஊதும் ஹீட் கன் ஒன்று பக்கத்திலேயே இருக்கும்.

கொஞ்சமாக வார்ப்பவருக்கு மைக்ரோவேவும் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கோப்பையும் போதும். முழுக்க ஆறவிடாமல், சூடு சற்றுக் குறைந்ததுமே சில வினாடி ஓட்டி, எடுத்துக் கிண்டி, மறுபடி ஓட்ட வேண்டும். தொடாமலே சூடு காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே காட்டும். கிண்டிய பிறகு அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். நான் சின்னக் கோப்பையின் கட்சி. அதிக நேரம் சூட்டிலேயே கிடக்கும் பிளாஸ்டிக், வெப்பநிலை எல்லை தாண்டாவிட்டாலும் மெல்ல மஞ்சளாகும். வெள்ளைப் புழுவில் அது உடனே தெரியும், கறுப்பில் தெரியாது. அறுந்துபோன பழைய புழுக்களைத் திரும்ப உருக்குபவர்கள் கறுப்பும் பழுப்புமாக வார்ப்பது அதனால்தான்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் விடக்கூடாது. 170 டிகிரியில் இருக்கும் குழம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நொடியில் ஆவியாகி, குழம்பைத் தெறிக்கவைக்கும். அது தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். அச்சில் ஈரம் இருந்தாலும் இதே கதைதான். கையுறை, முழுக்கைச் சட்டை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. அடுத்தது புகை. கருகும் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்குழாயை அரிக்கும், பக்கத்திலிருக்கும் இரும்புச் சாமானையும் துருவேற்றும். அதனால் காற்றோட்டமுள்ள இடத்தில், அமில வாயுவுக்கான முகமூடி போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் காய்ச்சிய மைக்ரோவேவிலும் பாத்திரத்திலும் அதற்குப் பிறகு சாப்பாட்டுச் சாமான் எதையும் சூடாக்காதீர்கள்.