நடுகல்லும் உல்லாசப் பயணியும்

வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கியவர் நம் முன்னோர். பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனுக்கு நெறி கூறுவது ஆற்றுப்படை. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, விருந்தளிக்கும் குடி எது என்றெல்லாம் கூத்தர்க்கு எடுத்துரைக்கிறது. அதனோடு, வழியிலே பொருது மாய்ந்த மறவரின் பெயர் தாங்கிய நடுகற்கள் பல உள. அவற்றை உங்கள் மரபின்படி இசைத்துப் போற்றிச் செல்க என்றும் பணிக்கிறது.

2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்தபின், நிலாவெளிக் கடற்கரையையும் புறாத்தீவையும் நாடி உல்லாசப் பயணிகள் வருகின்றனர். கந்தளாயைக் கடந்து திருக்கோணமலைக்கு விரையும் வாகனங்கள் எங்கள் தம்பலகாமத்தின் வழியே செல்கின்றன. பயணிகள் பச்சை வயலைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றனர்.

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர், வெளிநாட்டு நண்பரோடு வந்திருந்தார். வயல் வரம்பில் நின்ற நண்பர், "என்ன அமைதியான ஊர்!" என்று வியந்தார். மாணவர் அதனைத் தமிழில் எனக்குச் சொன்னார். நான் உடனே விடையிறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் விருந்தினர் முகம் வாடும். சொல்லாதொழிந்தால் அது பொய்க்கு ஒப்பாகும். ஈற்றிலே சொன்னேன்.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது, அங்கிருந்து காக்கப்பெற்ற மூர்த்திகளுக்கு இவ்வூர் புகலிடமாயிற்று என்பது மரபு. அவ்வாறு எழுந்ததே ஆதிகோணநாயகர் ஆலயம். அதே ஊரின் பாரதிபுரத்தில், 1998 பெப்ரவரி 1ஆம் நாள், சிறுவர் உட்பட அப்பாவித் தமிழர் எண்மர் பொலிஸாராற் கொல்லப்பட்டனர்.

அவர் படக்கருவியைப் பைக்குள் வைத்தார். "அவர்களுடைய பெயர்கள் என்ன?" என்று கேட்டார். நடுகல்லின் முன் நிற்பவன் கேட்கவேண்டிய வினா அதுவேயன்றோ! எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன்.

போர் கண்ட நாட்டிற்கு உல்லாசமாகச் செல்லுதல் தகுமா என்று வினவுவார் உளர். தாராளமாகச் செல்லலாம். படகோட்டியின் வீட்டிலும் விடுதிப் பணியாளன் வீட்டிலும் அடுப்பெரிவது அவ்வருகையாலன்றோ? ஆயின், பிறர் துயரை வேடிக்கையாக்குவதும் தகாது. அதனை அறியாமலே கடந்து போவதும் தகாது.

அறியாமை பயணியின் குற்றம் மட்டுமன்று. வழி சொல்லாத நமக்கும் அதிற் பங்குண்டு. ஆசிரியர்காள், உங்கள் மாணவர் ஒவ்வொருவரையும் தத்தம் ஊருக்கு உரைநடையில் ஓர் ஆற்றுப்படை எழுதச் சொல்லுங்கள். குளத்தையும் கோயிலையும் கூறியபின், வருவோர் சற்றே நின்று போற்றிச் செல்லவேண்டிய இடத்தையும் அவர்கள் கூறட்டும்.