28 நாளைக்கு ஒரு முறை... வருஷத்துக்கு 13 ரீசார்ஜ்! மொபைல் கட்டணம் ஏன் ஏறுது, யார் ஏத்துறாங்க?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து புறநகர் ரயிலைப் பிடிக்கும் தொழிலாளிக்கு, மாதச் சம்பளம் 30 நாளைக்கு ஒரு முறை வருகிறது. ஆனால் 'உங்கள் பிளான் முடிகிறது' என்ற மெசேஜ் 28 நாளிலேயே வந்துவிடும். ஊரில் இருக்கும் அம்மா, அப்பா நம்பருக்கும் அவர்தான் ரீசார்ஜ் போட வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம்.

விலைவாசி ஏறுவதால்தான் ரீசார்ஜ் கட்டணமும் ஏறுகிறதா? இதை முடிவு செய்வது அரசா, நிறுவனங்களா? பார்க்கலாம்.

2024 ஜூலையில் நடந்தது என்ன?

2024 ஜூலை 3-ம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் விஐ நிறுவனமும் கட்டணத்தை உயர்த்தின.

* ஜியோ, 28 நாள், தினம் 1.5 ஜிபி: ரூ.239-லிருந்து ரூ.299
* ஏர்டெல், 28 நாள், தினம் 1.5 ஜிபி: ரூ.299-லிருந்து ரூ.349
* ஏர்டெல், விஐ, 28 நாள், மொத்தம் 2 ஜிபி: ரூ.179-லிருந்து ரூ.199

60 ரூபாய்தானே என்று தோன்றலாம். ஆனால் 28 நாள் கணக்கில் வருஷத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். ஜியோவின் அந்த பிளானில் மட்டும் ஆண்டுக்கு 780 ரூபாய் கூடுதல். வீட்டில் மூன்று நம்பர் என்றால் 2,340 ரூபாய்!

விலைவாசிதான் காரணமா?

நேரடியாக இல்லை. 2024 ஜூனில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 5.08%. ஆனால் ஜியோவின் அந்த பிளான் ஏறியது சுமார் 25%. அதற்கு முந்தைய பெரிய உயர்வு 2021 இறுதியில் வந்தது. அப்போது இதே பிளான் ரூ.199-லிருந்து ரூ.239 ஆனது. அதாவது, மூன்று வருஷம் முடிவதற்குள் 199 ரூபாய் 299 ஆகிவிட்டது.

நிறுவனங்கள் பார்ப்பது வேறொரு கணக்கு. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக எவ்வளவு வருமானம் வருகிறது என்பதுதான் அது. இந்தத் தொகை 300 ரூபாயைத் தாண்ட வேண்டும் என்று ஏர்டெல் வெளிப்படையாகவே சொல்லி வருகிறது. 5ஜி, அலைக்கற்றைச் செலவுகளை ஈடுகட்ட இது தேவை என்பது நிறுவனங்களின் வாதம்.

கட்டண உயர்வுக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் ஜியோ சுமார் 1.09 கோடி வாடிக்கையாளர்களை இழந்தது. ஆனாலும் ஒருவரிடமிருந்து கிடைக்கும் சராசரி வருமானம் ரூ.181.7-லிருந்து ரூ.195.1 ஆக உயர்ந்தது.

அரசு தடுக்க முடியாதா?

மொபைல் கட்டணத்தை நிர்ணயிக்கும் சுதந்திரத்தை டிராய் அமைப்பு நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. விலையை ஏற்ற முன் அனுமதி தேவையில்லை. அறிமுகப்படுத்திய பிறகு டிராய்க்குத் தெரிவித்தால் போதும். 2024 உயர்வு சர்ச்சையானபோதும், கட்டணத்தைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்றே மத்திய அரசு விளக்கம் தந்தது.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 24 மாத ஒப்பந்தம் போட்டு மொபைல் வாங்குவது சகஜம். 'பணவீக்கம் + 3.9%' என்ற கணக்கில் ஒப்பந்தத்தின் நடுவிலேயே ஆண்டுதோறும் கட்டணம் ஏறி வந்தது. 2023-ல் சில நிறுவனங்களில் இந்த உயர்வு 14 சதவீதத்தைத் தாண்டியது. எவ்வளவு ஏறும் என்று தெரியாமலேயே மக்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்ற புகார் வலுத்ததால், 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் இந்த முறைக்கு அங்குள்ள ஆஃப்காம் அமைப்பு தடை போட்டது. உயர்வு எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

நம்மூரில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது ப்ரீபெய்டு. பணம் கட்டிய பிளானின் வேலிடிட்டி முடியும் வரை விலை ஏறாது. ஆனால் அடுத்த ரீசார்ஜுக்கு என்ன விலை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ரீசார்ஜ் போடாமல் விட்டால்?

முதலில் அவுட்கோயிங் நிற்கும். சில நாட்களில் இன்கமிங்கும், ஓடிபி-யும் நின்றுவிடும். இங்கேதான் சிக்கல். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு பேங்க் கணக்கு, பிஎஃப் பணம், ஆதார் எல்லாமே அந்த ஒரு நம்பரில்தான் இருக்கின்றன. நீண்ட நாள் பயன்படுத்தாத நம்பர் ரத்தாகி, பிறகு வேறொருவருக்குப் போகவும் வாய்ப்புண்டு. அதனால் வேலை இல்லாத மாதத்திலும் ரீசார்ஜை தள்ளிப்போட முடிவதில்லை.

செலவைக் குறைக்க என்ன வழி?

* நாள் கணக்கைப் பாருங்க: 2024 ஜூலை விலைப்படி, ஜியோவில் ரூ.299 பிளானை மூன்று முறை போட்டால் ரூ.897. அதே டேட்டாவுக்கு 84 நாள் பிளான் ரூ.799. மிச்சம் 98 ரூபாய்.

* டேட்டா வேண்டாமா? பட்டன் போன் வைத்திருக்கும் பெற்றோருக்கு டேட்டா பிளான் எதற்கு? டிராய் உத்தரவால் 2025 ஜனவரியில் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகள் வந்தன. அப்போது 84 நாளுக்கு ஜியோவில் ரூ.448, ஏர்டெல்லில் ரூ.469.

* 30 நாள் பிளான் கேளுங்க: 30 நாள் வேலிடிட்டியில் ஒன்று, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும்படி ஒன்று என இரண்டு பிளான்களாவது தர வேண்டும் என்று 2022-லேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

* நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம்: PORT என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் நம்பரையும் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். 2024-ல் பலர் பிஎஸ்என்எல் பக்கம் போனது இப்படித்தான். மாறும் முன், வேலை செய்யும் இடத்திலும் வீட்டிலும் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உயர்வு அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே சில நாட்கள் கிடைக்கும். 2024-ல் ஜூன் 27-ல் அறிவித்த ஜியோ, ஜூலை 3-ல்தான் விலையை ஏற்றியது. அந்த இடைவெளியில் பலர் பழைய விலையிலேயே அடுத்த ரீசார்ஜையும் முன்கூட்டியே போட்டு வைத்தார்கள். அடுத்த முறை அறிவிப்பு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அது அமலுக்கு வரும் தேதியை!