தில்லியிலிருந்து தம்தமாவுக்கு: குன்றுகள் காக்கும் ஏரி, குன்றுகளைக் காப்பது யார்?

புதுதில்லி: குளிர் விலகி, அனல் தொடங்குவதற்கு இடைப்பட்ட பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேளைகளில் குதுப்மினாரை ஒட்டிய சாலைகளில் சைக்கிள்கள் அணிவகுத்துச் செல்வதைக் காணலாம். தலைக்கவசம் அணிந்த கல்லூரி மாணவர்கள், தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள், ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள் எனப் பலதரப்பட்டோரும் அதில் இருப்பர். அவர்களில் பலருடைய இலக்கு, ஹரியானா மாநிலம் சோஹ்னாவுக்கு அருகே ஆரவல்லிக் குன்றுகளின் அடிவாரத்தில் உள்ள தம்தமா ஏரி. நகரின் மையப் பகுதியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் ஏரிக்கரையில் இளைப்பாறிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

பார்வைக்கு இது ஒரு நாள் உல்லாசப் பயணம்தான். ஆனால், தலைநகரைச் சுற்றியுள்ள நிலமும் நீரும் கடந்த சில பத்தாண்டுகளில் என்ன ஆயின, அவற்றுக்காக உச்ச நீதிமன்றத்தில் ஏன் ஓயாமல் வழக்கு நடக்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு, இந்தச் சாலையைவிடத் தெளிவான ஆவணம் வேறில்லை.

மேடு தொடங்கும் இடம்

மெஹ்ரோலி-குர்கான் சாலையில் சிறிது தூரம் சென்று, சுல்தான்பூரில் இடப்புறம் பிரியும் மண்டி சாலையில் திரும்பினால் நகரத்தின் இரைச்சல் மெல்லக் குறைகிறது. செல்வந்தர்களின் பண்ணை வீடுகளுடைய உயர்ந்த மதில்கள் இருபுறமும் தொடர்கின்றன. ஜோனாபூர், மண்டி கிராமங்களைக் கடந்து ஹரியானா எல்லையை நெருங்கும்போது சாலை ஏறி இறங்கத் தொடங்குகிறது. காரில் செல்வோர் இதைக் கவனிப்பதில்லை. சைக்கிளை மிதிப்பவருக்குத்தான் தாம் ஒரு மலைத்தொடரில் இருப்பது தெரியும். குஜராத்திலிருந்து ராஜஸ்தான், ஹரியானா வழியாக ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளும் ஆரவல்லி, உலகின் மிகப் பழைமையான மடிப்பு மலைகளில் ஒன்று. அதன் வடகோடி தில்லி மாநகருக்குள்தான் முடிகிறது.

வழியெங்கும் முட்புதர்கள். அவற்றில் பெரும்பகுதி, தமிழக மக்களுக்கு நன்கு அறிமுகமான சீமைக்கருவேலம். இங்கே அதற்கு 'விலாயதி கீக்கர்' என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தில்லி மேட்டுநிலத்தைப் பசுமையாக்க நடப்பட்ட இந்த அயல் மரம், மண்ணுக்குரிய மரங்களை விரட்டிவிட்டுக் காடெங்கும் பரவியது. இடையிடையே மார்ச் மாதத்தில் செந்தழலாய்ப் பூத்து நிற்கும் புரசு மரங்கள், பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்பதை உணர்த்துகின்றன. மயில்களுக்குக் குறைவில்லை. நீல்காய் மான்கள் சாலையைக் கடப்பதும் உண்டு.

இதே சாலையில் வேறொரு சைக்கிள் கூட்டமும் விடியலில் செல்கிறது. பண்ணை வீடுகளின் தோட்டக்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலாளிகள், கொத்தனார்கள் ஆகியோருடையது அது. அவர்களுக்கு சைக்கிள் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. விலையுயர்ந்த சைக்கிளில் செல்பவருக்கும் துருப்பிடித்த சைக்கிளில் செல்பவருக்கும் இங்கு உள்ள ஒரே சமத்துவம், இருவருக்கும் தனிப்பாதை இல்லை என்பதுதான். வாகனங்களைவிட மனிதர்களுக்கே சாலையில் முன்னுரிமை என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. 2008-இல் தில்லியில் அமைக்கப்பட்ட பேருந்துத் தனித்தடத்தில் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. கார் உரிமையாளர்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அத்தடம் 2016-இல் அகற்றப்பட்டது.

காடும் குப்பையும்

குவால் பஹாடியில் குர்கான்-ஃபரிதாபாத் சாலை குறுக்கிடுகிறது. வலப்புறம் திரும்பினால் தம்தமாவுக்குப் போகலாம். நேரம் இருப்பவர்கள் இடப்புறம் சில கிலோமீட்டர் சென்று மாங்கர் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்புவர். அது குஜ்ஜர் இன மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கோயில் காடு. அங்கே கிளை ஒடித்தாலும் குதாரியா தாஸ் பாபாவின் சினத்துக்கு ஆளாக நேரிடும் என்பது ஊர் நம்பிக்கை. சட்டத்தால் காக்க முடியாமல் போன மரங்களை அந்த நம்பிக்கை காத்திருக்கிறது. சீமைக்கருவேலம் நுழைய முடியாத 'தவ்' மரக்காடு அங்கு இன்றும் அடர்ந்து நிற்கிறது. மாங்கர் பகுதியில் வரலாற்றுக்கு முந்தைய காலத்துப் பாறை ஓவியங்கள் இருப்பது 2021-இல் தெரியவந்தது.

அந்தக் காட்டுக்குப் போகும் வழியிலேயே பந்த்வாரி குப்பை மேடு எழுந்து நிற்கிறது. குர்கான், ஃபரிதாபாத் ஆகிய இரு மாநகரங்களின் கழிவுகளும் ஆரவல்லியின் நடுவே இங்கு கொட்டப்பட்டு வந்துள்ளன. குப்பையிலிருந்து கசியும் நச்சுநீர் பாறை இடுக்குகளின் வழியாக நிலத்தடி நீரில் கலக்கிறது என்பது சுற்றுவட்டாரக் கிராம மக்களின் நீண்டநாள் புகார். இந்த விவகாரத்தில் 2022 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஹரியானா அரசுக்கு 100 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை விதித்தது.

நீர் போன ஏரி

இதே சாலை சென்றடையும் ஃபரிதாபாதில் பட்கல் ஏரி இருக்கிறது. தம்தமாவைப் போலவே 1947-ஐ ஒட்டி அணை கட்டி உருவாக்கப்பட்ட நீர்நிலை அது. ஒரு காலத்தில் தில்லிவாசிகள் படகு சவாரிக்காகக் குடும்பத்தோடு சென்றுவந்த இடம். சுற்றியிருந்த குன்றுகள் கல்லுக்காகவும் சிலிக்கா மணலுக்காகவும் வெட்டப்பட்டன. ஓடைகளின் வழி மறிக்கப்பட்டது. நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது. பட்கல், சூரஜ்குண்ட் ஆகிய சுற்றுலாத் தலங்களிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குச் சுரங்கம் கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது காலம் கடந்திருந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏரி முற்றிலும் வற்றி, அதன் தரையில் கால்நடைகள் மேய்ந்தன. பின்னர், நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அதை நிரப்பும் திட்டம் கையிலெடுக்கப்பட்டது. மழை இலவசமாகச் செய்த வேலையை இன்று பொதுப்பணத்தைச் செலவிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆரவல்லியின் வெடிப்புகள் நிறைந்த பாறைகள் மழைநீரை உள்வாங்கி நிலத்தடிக்கு அனுப்புகின்றன. எஞ்சியது ஓடைகளாகத் திரண்டு அடிவாரத்து ஏரிகளுக்கு வருகிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே பாறையைத் தோண்டினால், அந்த நீர் ஏரிக்கு வராமல் சுரங்கப் பள்ளத்தில் தேங்கும். ஃபரிதாபாத் அருகே கைவிடப்பட்ட பள்ளங்களில் நீல நிறத்தில் மின்னும் நீர் அப்படிப்பட்டதுதான். அழகில் மயங்கி அங்கு நீந்த இறங்கி உயிரிழந்த இளைஞர்கள் பலர்.

ஏரிக்கரையில்

குவால் பஹாடியிலிருந்து வலப்புறம் செல்லும் பாதை, குர்கானின் வானளாவிய கட்டடங்களைத் தொட்டுக்கொண்டு சோஹ்னா சாலையை அடைகிறது. 2016 முதல் குருகிராம் என அதிகாரப்பூர்வமாக அழைக்கப்படும் இந்நகரின் தெற்கு விளிம்பு ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போகிறது. போண்ட்சி இச்சாலையில்தான் இருக்கிறது. 1983 ஜனவரியில் கன்னியாகுமரியில் தொடங்கி ஜூன் மாதம் தில்லி ராஜ்காட்டில் நடைப்பயணத்தை முடித்த முன்னாள் பிரதமர் சந்திரசேகர், பாரத யாத்திரை மையத்தை நிறுவியது இந்த ஊரில்தான்.

போண்ட்சியைத் தாண்டி இடப்புறம் பிரியும் கிராமச் சாலையில் நெரிசல் இல்லை. குளிர்காலத்தில் இருபுறமும் கடுகு வயல்கள் மஞ்சள் விரிக்கின்றன. மார்ச் இறுதியில் கோதுமை முற்றிக் கதிர் சாய்கிறது. வயல்களுக்கு அப்பால் குன்றுகள் தென்பட, அவற்றின் மடியில் ஏரி விரிகிறது. மழைநீரைத் தேக்குவதற்காகக் கட்டப்பட்ட கல்லணைதான் இதன் உயிர். மழைக்காலம் முடிந்ததும் நீர் நிறைந்து, நீர்ப்பறவைகள் வந்து சேர்கின்றன. மழை குறைந்த ஆண்டுகளின் கோடையில் ஏரி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. வேறெந்த ஆற்றிலிருந்தும் இதற்கு நீர் வருவதில்லை. சுற்றியுள்ள குன்றுகள் தருவதுதான் வரவு.

எது மலை?

அந்தக் குன்றுகளின் எதிர்காலம்தான் இப்போது கேள்விக்குறி. ஃபரிதாபாத், குர்கான், மேவாத் மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதியில் சுரங்கப் பணிகள் அனைத்தையும் 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ராஜஸ்தானில் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்ற தகவல் 2018-இல் அதே நீதிமன்றத்தை அதிரவைத்தது. இம்மலைகளுக்குக் காப்பாக இருந்துவரும் 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தளர்த்த 2019-இல் ஹரியானா சட்டப்பேரவை திருத்தம் நிறைவேற்றியபோது, அதைச் செயல்படுத்தக் கூடாது என்று நீதிபதிகள் எச்சரித்தனர். அச்சட்டத்தின் சிறப்பு ஆணைகளுக்கு உட்பட்ட நிலம் காடாகவே கருதப்படும் என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

எனினும், 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட புதிய வரையறை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சுற்றுப்புறத் தரையிலிருந்து 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால்தான் அது ஆரவல்லிக் குன்று என்றது அந்த வரையறை. தெற்கு ஹரியானாவிலும் தில்லியிலும் உள்ள குன்றுகளில் பல அந்த உயரத்தை எட்டாதவை. ஆரவல்லியின் பெரும்பகுதி காப்பின்றிப் போய்விடும் என்று சூழலியலாளர்கள் குரல் எழுப்பினர். ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். வரையறையால் பாதுகாப்பு குறையாது என்று மத்திய அரசு விளக்கம் அளித்தது. இறுதியில், டிசம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமே தனது உத்தரவை நிறுத்திவைத்து, நிபுணர் குழுவைக் கொண்டு மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றது.

ஒரு மேடு 90 மீட்டராக இருந்தாலும் 110 மீட்டராக இருந்தாலும் அதன்மீது விழும் மழை கீழ்நோக்கித்தான் ஓடும். ஏரிக்கு நீர் தருவது குன்றின் உயரம் அல்ல. அதன் சரிவும், பாறையும், அதில் வேரூன்றிய புதர்க்காடும்தான். மொத்தப் பரப்பில் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவாகவே காடு கொண்ட ஹரியானாவுக்கும், ராஜஸ்தான் பாலையின் புழுதிக்கு முகம் கொடுத்து நிற்கும் தில்லிக்கும் இந்தச் சிறு குன்றுகளும் தேவை. இவற்றைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்ற முடிவைப் பொறுத்தே, அடுத்த தலைமுறை சைக்கிள் ஓட்டிகள் தம்தமாவில் காணப்போவது ஏரியா, இன்னொரு பட்கலா என்பது அமையும்.