பரோலோவில் ஒரு பீப்பாய்ச் சண்டை

1983-ம் ஆண்டு. வடமேற்கு இத்தாலியின் லா மோரா கிராமத்தில் எலியோ ஆல்தாரே என்ற இளம் விவசாயி, கையில் ரம்பத்தோடு குடும்பத்து நிலவறைக்குள் இறங்கினார். அப்பா கட்டிக்காத்த பெரிய மரப் பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். மனம் உடைந்த அப்பா, மகனுக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பரோலோ ஊரில், அதே மாதிரி பீப்பாய்களைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றவர் பார்டோலோ மஸ்கரெல்லோ. இந்த வாரக் கதை அவருடையது.

பீப்பாய்க்காகக் குடும்பமே உடையுமா? உடைந்தது. காரணம், நெபியோலோ என்ற திராட்சை. இந்தப் பகுதியின் லங்கே குன்றுகளில் மூடுபனி இறங்கும் அக்டோபரில்தான் இது முழுதாகப் பழுக்கும். தோல் மெல்லியது, நிறமும் குறைவு. ஆனால் துவர்ப்பு இருக்கிறதே, அது அசாத்தியம். புதிதாக இறக்கிய நெபியோலோ ஒயினைக் குடித்தால், கொட்டைப்பாக்கைக் கடித்தது போல நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிக்கும். புளிப்பும் கூடவே நிற்கும். இந்த இரண்டும்தான் ஒயினுக்கு ஆயுள் தருபவை. வருடங்கள் போகப்போக, துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருத்து, ஒரு பகுதி வண்டலாகப் புட்டியின் அடியில் தங்கிவிடும். சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகும். ரோஜாவும் தாரும் கலந்த ஒரு வாசனை எழும். நெபியோலோவில் செய்யும் பரோலோ ஒயினை நேசிப்பவர்கள் காத்திருப்பது அதற்காகத்தான்.

அதனால்தான் இத்தாலியச் சட்டமும் அவசரத்தை அனுமதிப்பதில்லை. பரோலோ என்ற பெயரோடு விற்க, நெபியோலோ மட்டுமே இருக்க வேண்டும். குறைந்தது 38 மாதங்கள் பக்குவப்படுத்த வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். ‘ரிசெர்வா’ என்று போட வேண்டுமானால் 62 மாதங்கள்.

ஆனால், எந்தப் பீப்பாய்? சண்டை அங்கேதான். ஆல்தாரேயும் நண்பர்களும் பிரான்ஸில் பார்த்துவந்தது 225 லிட்டர் பிடிக்கும் ‘பாரிக்’ என்ற சிறிய ஓக் பீப்பாய். தோலைச் சில நாட்களே ஊறவைத்து, புதிய பாரிக்கில் வைத்தால் ஒயின் சீக்கிரம் மென்மையாகும். மரத்திலிருந்து வெனிலா வாசனையும் ஏறும். 1990-களில் அமெரிக்கச் சந்தை இதை அள்ளிக்கொண்டது.

மஸ்கரெல்லோ மசியவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு அப்பா ஜூலியோ தொடங்கிய தொழில்; நிலம் மொத்தமே 12 ஏக்கர் சொச்சம். பரோலோவில் கன்னூபி, சான் லொரென்சோ, ருயே என்று மூன்று தோட்டங்கள், லா மோராவில் ரொக்கே. நாலாயிரம், ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பீப்பாய்களில் மரத்தின் வாசனை ஒயினில் ஏறாது, காற்று மட்டும் மெல்ல மெல்லப் படும். தோலை ஒரு மாதத்துக்கு மேலும் ஊறவிடுவார். ஒவ்வொரு தோட்டத்தின் பெயரிலும் தனித்தனியாகப் புட்டி போட்டால் விலை எகிறும் என்று ஊரே கண்டுகொண்ட காலத்திலும், நான்கையும் கலந்து ஒரே பரோலோதான் செய்தார். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் என்பது அவர் அப்பா காலத்துக் கணக்கு.

முதுமையில் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, மேஜையில் உட்கார்ந்து லேபிள்களைத் தன் கையாலேயே வரைந்தார். அவற்றில் ஒன்று உலகப் புகழ் பெற்றது: ‘நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி’. பீப்பாயையும் இத்தாலியப் பிரதமரையும் ஒரே வரியில் மறுத்தவர், இளமையில் பாசிஸ்டுகளுக்கு எதிரான விடுதலைப் படையில் இருந்தவர் என்று தெரிந்தால் அந்தக் கோபம் புரியும்.

ஆல்தாரேயை வில்லனாக்குவது நியாயமில்லை. அன்று பல நிலவறைகளில் பீப்பாய்கள் அழுக்கேறிக் கிடந்தன, ஒயின் கெட்டுப்போனது, விவசாயிக்குக் கூலி கட்டவில்லை. சுத்தத்தையும், கொத்துகளைக் குறைத்துத் தரத்தைக் கூட்டும் பழக்கத்தையும் கொண்டுவந்தவர்கள் அந்த இளைஞர்கள்தான். ஆனால் மரத்தின் விஷயத்தில் மஸ்கரெல்லோ சொன்னதே சரி. பாரிக்குக்குப் போன பலர் பெரிய பீப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள்.

பார்டோலோ 2005-ல் காலமானார். மகள் மரியா தெரேசா அதே நான்கு தோட்டங்கள், அதே கலவை, அதே பெரிய பீப்பாய்கள் என்று நடத்துகிறார்.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் பரோலோ வாங்கினால், லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். பாரம்பரிய முறையில் செய்த நல்ல பரோலோவை அறுவடையிலிருந்து பத்து ஆண்டுகள் ஆகும்வரை திறக்காதீர்கள். அதுவரை வெளிச்சம் படாத, குளிர்ச்சியான இடத்தில் படுக்கவைத்திருங்கள். திறப்பதற்கு முந்தைய நாள் புட்டியை நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். பிறகு அலுங்காமல் வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, மூச்சுவிட ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அடுத்த வாரம் தஸ்கனியின் மொந்தால்சீனோவுக்குப் போகிறோம்.

(தொடரும்)