லூதர் விரட்டிய அரிஸ்டாட்டில் திரும்பி வந்தது ஏன்?

உலகறிந்த 95 கருத்துரைகளுக்குச் சில வாரங்கள் முன்பு, 1517 செப்டம்பரில், மார்ட்டின் லூதர் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேறொரு விவாதத்துக்குக் கருத்துரைகள் எழுதினார். இறையியலுக்கு அரிஸ்டாட்டில் இருள் போன்றவர் என்ற அளவுக்கு அவற்றில் சாடினார். ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து ஜெனீவாவில் பிரான்சிஸ் டரெட்டின் வெளியிட்ட பெருநூலைப் (1679–1685) புரட்டினால், கேள்வியை வரையறுப்பது, சான்று காட்டுவது, எதிர்த்தரப்பின் தடைக்கு விடை சொல்வது என அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தில் ஊன்றிய இடைக்காலப் பள்ளிகளின் முறையே பக்கந்தோறும் தெரிகிறது. லூதர் தொடங்கிய சீர்திருத்தத்தை அதன் வாரிசுகளே கைவிட்டதற்கு இதுவே சாட்சி என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். அது அவசரத் தீர்ப்பு. முறை திரும்பி வந்ததற்குக் காரணம் கொள்கைச் சரிவு அல்ல, வகுப்பறையின் தேவை.

அந்தத் தேவை லூதரின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அவருடைய நண்பர் பிலிப் மெலாங்தன் 1521இல் பாவம், நியாயப்பிரமாணம், கிருபை எனத் தலைப்புவாரியாகப் புராட்டஸ்டண்ட் போதனையைத் தொகுத்தார்; அதே விட்டன்பர்கில் தர்க்கப் பாடநூல்களும் எழுதினார். ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினின் ‘கிறிஸ்தவ மதத்தின் போதனைகள்’ 1536இல் ஆறு அதிகாரங்கள். 1559இல் நான்கு புத்தகங்கள், 80 அதிகாரங்கள். அதே ஆண்டு ஜெனீவாவில் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. மேடையில் முழங்கும் பிரசங்கிக்கு ஆவேசம் போதும். ஆண்டுதோறும் போதகர்களை உருவாக்கும் ஆசிரியருக்கு வரிசை வேண்டும். மறுபுறம், திரெந்து பொதுச்சங்கம் (1545–1563) கத்தோலிக்கக் கொள்கையை வரையறுத்தது. இயேசு சபையின் பெல்லார்மீன் 1586 முதல் புராட்டஸ்டண்ட் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்து எழுதினார். அவருக்குப் பதில் சொல்ல அவர் அறிந்த தர்க்கமொழியே வேண்டியிருந்தது.

தர்க்கம் நுழைந்தால் வேதாகமம் பின்தள்ளப்படாதா என்று கேட்கலாம். பகுத்தறிவு விசுவாசத்துக்கு ஊழியம் செய்யலாம், நீதிபதியாக அமரலாகாது என்று டரெட்டினே எல்லை வகுத்தார். இதைவிடக் கனமான தடை 1675இல் எழுந்தது. வாதம் பெருகப் பக்தி வறண்டது என்று ஜெர்மானியப் போதகர் ஸ்பெனர் வருந்தினார். அதில் உண்மை இருந்தது. எதிராளியை வெல்லக் கற்றவர்கள் சபையாரைத் தேற்ற மறந்திருந்தார்கள். ஆனால் அவர் வழிவந்த ஹாலே நகரத்துப் பக்தி இயக்கமும் முறையை உதறிவிடவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு பயின்ற அந்த ஹாலேயில், பிரைலிங்ஹவுசன் 1703இல் இறையியலை ஒழுங்குபடுத்திப் பாடநூல் எழுதினார். வறட்சியைக் கண்டித்தவர்களுக்கும் மாணவர்கள் இருந்தார்கள்; மாணவர்களுக்கு எது முதலில், எது பின்னர் என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.